கொஞ்சம் கூடுதல் காற்று

காப்பாரைச் சேர்ந்த வாசகி வீரம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். சிக்னலில் நிற்கும்போது அவருடைய கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்குகிறதாம். பச்சை விழுந்து நகர்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறதாம். என்ன காரணம் என்று கேட்கிறார்.

இந்தப் பத்திக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் இந்த வாரம் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். எப்போதும் தட்டச்சு செய்துகொடுக்கும் என் மகள் குமுதா இம்முறை மறுத்துவிட்டாள். நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

இஞ்சின் சாப்பிடுவது காற்றும் பெட்ரோலும். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காற்று சோறு, பெட்ரோல் குழம்பு. வண்டியின் கம்ப்யூட்டர் உள்ளே வரும் சோற்றை அளந்து அதற்குத் தகுந்த குழம்பை ஊற்றுகிறது. அளக்கும் இடத்தைத் தாண்டி, யார் கண்ணிலும் படாமல், பக்கவாட்டில் ஒரு கரண்டிச் சோறு கூடுதலாக விழுந்துவிட்டால் குழம்பு போதாது. வறண்ட சோற்றை விழுங்க முடியாமல் இஞ்சின் விக்குகிறது. இதை வொர்க்‌ஷாப்காரர்கள் 'லீன்' என்பார்கள். ஓடும்போது மலைமாதிரி சோறும் குழம்பும் வருவதால் அந்த ஒரு கரண்டி தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும்.

கூடுதல் காற்று நுழையும் வழிகள் பல. நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரு ரப்பர் மூடியை. இஞ்சின் மூச்சிழுக்கும் இன்டேக் கூட்டில், சில வண்டிகளில், எதற்கும் பயன்படாத ஒரு குட்டிக் குழாய்முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயைச் சுண்டுவிரல் நகமளவுள்ள ரப்பர் மூடி ஒன்று அடைத்திருக்கும். சூட்டில் அது நாளடைவில் வெடித்துவிடும். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். வீரம்மா அதைப் பார்க்கட்டும்.

அது தானாக வெடித்திருக்கலாம். யாராவது நல்ல மூடியைக் கழற்றிவிட்டு வெடித்த மூடியை மாட்டியும் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இந்தக் கிள்ளான் வட்டாரத்தில் நான்கு முறை அப்படி நடந்திருக்கிறது. நான்கு முறையும் மாட்டியது நான்தான்.

புதிய வாசகர்களுக்காக: என் பெயர் நாகையா. ஓய்வு பெறும்வரை, மோதி வந்த வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது என் வேலை. மனைவி இராஜம்மா, ஒரே மகள் குமுதா. குமுதா பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வைப் பரிசோதகர். வார நாட்களில் ரயிலில் போய் வருவாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் காரில் என்னையும் அழைத்துப் போவாள். வேலை முடிந்ததும் இருவரும் வாழை இலையில் சாப்பிடுவோம். திரும்பும் வழியில் அதிகம் பேச மாட்டோம். இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவோம். நான்காவது கியரில் ஏதோ முனகுகிறது என்று எனக்கு முன்னால் அவள் சொல்வாள். இதை இங்கே குறிப்பிடக் காரணம் எதுவும் இல்லை. குடும்ப விவரம் கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.

முதலில் பெண் பார்க்க வந்தவர் தனேஷ். பந்திங்கில் ஆசிரியர். நல்ல பையன். உள்ளே கேசரி பரிமாறிக்கொண்டிருந்தபோது அவராகவே என்னிடம் வந்தார்.

"அங்கிள், நீங்கதானே பேப்பர்ல எழுதுறது? நம்ம காடியக் கொஞ்சம் பாருங்களேன்."

இது பதிவாக வேண்டும். கேட்காமல் நான் யாருடைய கார் போனட்டையும் திறந்ததில்லை. டாக்டரைக் கண்டதும் நாக்கை நீட்டுகிறவர்களைப் போல, என்னைக் கண்டதும் போனட்டைத் தூக்குகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

பார்த்தேன். பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தது. ஏர் ஃபில்டரில் காய்ந்த இலை கிடந்தது. வண்டியை இப்படி வைத்திருப்பவர் என் மகளை எப்படி வைத்திருப்பார் என்று ஒரு யோசனை வந்தது. பெண்ணைப் பெற்ற யாருக்கும் வரக்கூடியதுதான். நேரில் கேட்டால் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்றுதான் சொல்வார்கள். வண்டியிடம் கேட்டால் உண்மை வரும். என் சட்டைப் பையில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய வெடித்த மூடி ஒன்று கிடந்தது. அதை மாட்டிவிட்டு அவருடைய நல்ல மூடியை எடுத்துக்கொண்டேன்.

அது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். சின்னக் குறை ஒன்று வந்தால் ஒரு மனிதன் என்ன செய்கிறான்? பொறுமையாகக் காரணத்தைத் தேடுகிறானா, கண்டதையெல்லாம் மாற்றுகிறானா, சம்பந்தமில்லாதவர்மேல் பழிபோட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறானா? கல்யாணத்துக்கு வேண்டிய தகுதியெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

தனேஷ் பெட்ரோல் நிலையத்தின்மேல் பழிபோட்டார். வேறு நிலையத்துக்கு மாறினார். பிறகு அதையும் மாற்றினார். வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். லீன் என்றது ஸ்கேனர். லீன் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இந்தப் பத்தியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன்: ஸ்கேனர் இலையில் குழம்பு குறைவு என்று மட்டும்தான் சொல்லும். குழம்பு ஊற்றியவர் குறைத்தாரா, யாரோ சோற்றைக் கூட்டினார்களா என்று அது சொல்லாது. நின்றால் நடுக்கம், ஓடினால் சரி என்றால் பம்பைத் தொடாதீர்கள், வெளிக்காற்றைத் தேடுங்கள். தனேஷ் என் பத்தியைப் படிப்பதாகச் சொன்னார். படித்ததுபோலத் தெரியவில்லை.

பரிசம் போட வந்த காலையில், பந்திங்கைத் தாண்டிய செம்பனைத் தோட்டத்துச் சந்திப்பில் அவருடைய வண்டி நின்றுவிட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்பிய வண்டி நடுவழியில் நின்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயரில் காற்றுப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள், ஆணியைக் காட்டலாம். இஞ்சின் காரணம் சொல்லாமல் அணைந்தால் மன்னிக்க மாட்டார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு எல்லாம் அப்படியே வீடு திரும்பின. மாலையில் தொலைபேசி வந்தது. ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

அந்த விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது முறைக்கு இதே வாக்கியத்தை நான் பயன்படுத்த முடியாது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சிறு பிரச்சினை. இராஜம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவாள். தூபக்கால் சூடேறிவிடும் என்பதால் கைப்பிடி வைத்த கம்பித் தாங்கி ஒன்றில் அதை வைத்துத் தூக்கிப் போவாள். தாங்கிக்கு நான்கு மெல்லிய கால்கள். கீழே வைக்கும்போதெல்லாம் டைல்ஸில் கீறல். தனேஷுடைய மூடி என் பையில் சும்மா கிடந்தது. நல்ல ரப்பரை வீசும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு காலில் மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒன்னுக்கு மட்டும் போட்டா ஆடுதுங்க," என்றாள் இராஜம்மா. "இன்னும் மூனு கெடைக்குமா?"

"பார்க்கலாம்," என்றேன்.

அடுத்து வந்தவர் கணேஷ். ஷா ஆலமில் வழக்கறிஞர். ஐரோப்பிய வண்டி. போனட்டை எப்படித் திறப்பது என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பரீட்சை முடிந்துவிட்டது. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே முறையைக் கையாள்வதுதான் நியாயம் என்று மாட்டிவிட்டேன். அவர் வண்டியைப் பெரிய வொர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டே வந்தார்கள். மூடியை மட்டும் தொடவில்லை. பரிசத்தன்று ஃபெடரல் நெடுஞ்சாலையில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி அணைந்தது. பின்னால் வந்த லோரி மெதுவாகத்தான் முட்டியது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியப்பா ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டில் மாவுக்கட்டு.

இராஜம்மாவின் தாங்கியில் இப்போது இரண்டு கால்களுக்கு ரப்பர்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில், நானும் குமுதாவும் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள். எங்களைத் தெரியாதவர்கள்.

"எந்தப் பொண்ணு, அந்தக் கிள்ளான் பொண்ணா?"

"ஆமா லா. அவ வீட்டுக்குக் கெளம்புனாலே காடி நின்னுடுதாம். ரெண்டு எடம் அப்படியே போச்சு. ஒருத்தருக்குக் கை ஒடஞ்சு போச்சு தெரியுமா?"

"அலாமக். அப்ப ராசிதான். பாவம், என்னா பண்றது."

"கண்ணாடிக் கடையில வேல செய்யுதாம். நாங்கூட கண்ணாடி மாத்தணும். இனி அங்க போகமாட்டேன் பா."

குமுதாவின் கை இலைமேல் அப்படியே நின்றது. என் பக்கம் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அவள் இலையை மடித்துவிட்டாள். உள்ளே பாதிச் சோறு இருந்தது.

திரும்பும் வழியில், எந்தக் கியர் முனகலைப் பற்றியும் பேசாமல், கேட்டாள்.

"உண்மையிலேயே எனக்கு ராசியில்லையாப்பா?"

"ராசியாவது ஒன்னாவது," என்றேன். "எல்லாம் காத்தும் பெட்ரோலும்தாம்மா."

அது அப்பழுக்கில்லாத உண்மை. பெற்றவன் இதைவிட உண்மையாக என்ன சொல்லிவிட முடியும்?

பிறகு இரண்டு ஆண்டுகள் வரன்களே வரவில்லை. பத்தி வாரம் தவறாமல் வெளிவந்தது. குமுதா தட்டச்சு செய்தாள், சனிக்கிழமைகளில் வண்டி ஓட்டினாள். கடையை மட்டும் மாற்றிக்கொண்டாள். அதே தெருவில் வேறொரு கண்ணாடிக் கடை. வீட்டில் அமைதியாக இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கிஷன் தரகர் மூலம் வரவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர். ரவாங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று மறுவாரம் வந்தார். அதற்கு மறுவாரமும் வந்தார். கண்களில் ஒரு குறையும் இல்லை என்று குமுதா சொன்னபோது, "தெரியும்" என்றாராம். இதை இராஜம்மாதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறையில் போய்த் தனியாகச் சிரித்தாள்.

முதல்முறை அவரும் அவர் அம்மா அமுதவள்ளியும் வந்தார்கள். பழைய கார். ஆனால் போனட்டின் கீழே பாத்திரம் துலக்கியதுபோலச் சுத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரீட்சையை வைத்துவிட்டுக் கறுப்பு மூடியை எடுத்துக்கொண்டேன். தாங்கியில் மூன்றாவது கால்.

இரண்டாவது முறை தேதி குறிக்க வந்தார்கள். இறங்கியதும் கிஷன் நேராக என்னிடம் வந்தார்.

"அங்கிள், வாங்க, ஒன்னு காட்டணும்." போனட்டைத் தூக்கினார். "அன்னிக்கு இங்கேர்ந்து போனதுமே சிக்னல்ல நடுக்கம். கூட்டாளிங்க பம்ப மாத்து, பிளக்க மாத்துன்னானுங்க. குமுதா உங்க பழைய பத்தியெல்லாம் அனுப்பிச்சு. நின்னா நடுக்கம், ஓடுனா சரின்னா வெளிக்காத்துன்னு போட்டிருந்தீங்க இல்ல? ஒவ்வொரு ட்யூபா வெரலால அமுக்கிப் பார்த்தேன். இந்த மூடியில வெரல் வச்சதும் இஞ்சின் சத்தம் மாறுச்சு. பார்த்தா வெடிப்பு."

வெடித்த மூடி இருந்த இடத்தில் இப்போது சிவப்பு நிறத்தில் புத்தம்புதிய சிலிக்கோன் மூடி இருந்தது.

"செவப்பு எதுக்கு?" என்றேன்.

"ஸ்டைல் லா அங்கிள். அஞ்சு வருசத்துக்கு வெடிக்காதாம்."

பம்பைத் தொடவில்லை. யார்மேலும் பழிபோடவில்லை. என் அனுபவத்தில் இவ்வளவு ஒழுங்கான நோயறிதலை நான் கண்டதில்லை. அதை அவரிடமே சொன்னேன். முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

அமுதவள்ளி மறைத்துப் பேசுகிறவர் இல்லை. வரவேற்பறையில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசத் தெரியாதவ, சம்பந்தி. நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. இவன் கேக்கமாட்டேங்கிறான், அதனால வந்தேன். ஆனா பரிசத்துக்கு வர்றப்போ காடி நின்னுச்சுன்னு வைங்க, நான் எறங்கமாட்டேன். அப்படியே திரும்பிருவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

"ம்மா," என்றார் கிஷன், "காடிதான் சரி பண்ணிட்டேனே."

"ஒன் காடியப் பத்தி நான் பேசல."

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இது ஒன்னு மட்டும் நல்லபடியா நடக்கணும்ப்பா."

"காடிய நான் பாத்துக்கிறேம்மா," என்றேன்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் சிவப்பு மூடியை ரசிக்க வேண்டும் என்று கிஷன் போனட்டைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார். கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன். நான்தான் கொண்டுபோனேன்.

அன்று இரவு இராஜம்மாவிடம் சிவப்பு மூடியைக் கொடுத்தேன். நான்காவது காலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஆடாம நிக்குது" என்று மகிழ்ந்துபோனாள்.

பரிசத்தன்று ரவாங்கிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. முன்னால் கிஷனின் கார், அவர் அம்மாவும் தட்டுகளும் அதில். பின்னால் உறவினர்களோடு ஒரு வேன். வழியெங்கும் சிக்னலுக்குச் சிக்னல் நடுங்கியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு வெடிக்காத மூடி என்பதால் கிஷன் இம்முறை அங்கே பார்க்கவே இல்லை. கிஷன் ஒரு காலை பிரேக்கிலும் மறு காலை எண்ணெய் மிதியிலும் வைத்து, இஞ்சினை உறுமவிட்டே கிள்ளான்வரை கொண்டுவந்துவிட்டார். அது மிகச் சரியான உத்தி. எங்கள் கேட்டுக்குள் திரும்புவதற்காகக் காலைத் தளர்த்தியபோது, முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே, வண்டி அணைந்தது.

வேன் பின்னால் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. நாதஸ்வர இசையை ஒலிக்கவிட்டிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதை நிறுத்தினார்.

"நான் எறங்கல," என்றார் அமுதவள்ளி, கண்ணாடியைப் பாதி இறக்கி. "கிஷன், காடியத் திருப்பு."

"ஸ்டார்ட் ஆனாத்தானே ம்மா திருப்ப முடியும்."

குமுதா பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாள். அழவில்லை. அந்த வாழை இலைமேல் நின்ற கையைப் போல முழுதாக நின்றுவிட்டாள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, கவலை தெரியும்படி நின்றேன்.

இராஜம்மாதான் உள்ளே ஓடினாள். ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் புகையும் தூபக்காலுமாக வெளியே வந்தாள்.

"கண்ணு பட்டிருக்கு, வேற ஒன்னுமில்ல. ஒரு நிமிசம் இருங்க சம்பந்தி. தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த போனட்டத் தொறங்க, உள்ளுக்கும் காட்டிடறேன்."

"ஆன்டி, எஞ்சினுக்கெல்லாமா சாம்பிராணி..."

"அதுக்கு மட்டும் கண்ணு படாதா? தொறங்க தம்பி."

வண்டி ஒருவழியாக ஸ்டார்ட் ஆகி, அணையாமல் உதறிக்கொண்டு நின்றது. போனட் திறந்தது. குளிர்விக்கும் விசிறி அப்போது சுற்றவில்லை. இராஜம்மா தூபக்காலை இஞ்சின்மேல் இடவலமாகச் சுற்றினாள். புகை மேலே போனது. மூன்றாவது சுற்றில், மேலே போகவேண்டிய புகை வளைந்து, நூல் ஊசிக்காதில் நுழைவதுபோல, ஒரே இடத்தில் போய் மறைந்தது.

நோயறிதலில் புகைச் சோதனை என்று ஒன்று உண்டு. அதற்குத் தனியாக இயந்திரம் விற்கிறார்கள். சாம்பிராணியும் அதே வேலையைச் செய்யும் என்று நான் எங்கும் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும்.

கண்களைச் சோதிப்பது குமுதாவின் தொழில். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"கிஷன், இங்க. இங்கதான் இழுக்குது."

கிஷன் எட்டிப் பார்த்தார். "இது என் மூடி இல்ல. நான் போட்டது செவப்பு. இது பழைய கறுப்பு, வெடிச்சது." அதைப் பிடுங்கினார். காற்று சீறியது. "செவப்பு எங்க போச்சு?"

பதில் காருக்குள்ளிருந்து வந்தது. அமுதவள்ளியின் முகத்துக்கு நேராக, கண்ணாடிக்கு வெளியே, இராஜம்மாவின் கையில் தூபக்கால் தாங்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, இந்த ஸ்டாண்டுக்கு ஒரு காலு மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

"இதுவா?" என்றாள் இராஜம்மா. அவளுக்கு அந்தத் தாங்கியில் தனிப் பெருமை. "இவருதான் குடுத்தாரு, நீங்க போன தடவ வந்துட்டுப் போனீங்களே அன்னிக்கு. இந்தக் கறுப்பு மொத தடவ நீங்க வந்தப்போ. இது அந்த ஷா ஆலம் லாயரு வந்தப்போ. இது அந்த பந்திங் வாத்தியாரு..."

அவள் அங்கே நிறுத்தினாள். நான்கு கால்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வேனிலிருந்தும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கிஷன் சிவப்பு மூடியைத் தாங்கியின் காலிலிருந்து உருவி, குழாய்முனையில் மாட்டினார். சீறல் நின்றது. இஞ்சின் தூங்கும் குழந்தையின் மூச்சுப்போல ஒரே சீராக ஓடியது. நான் கேட்டதிலேயே அழகான ஐடிலிங் என்று சொல்ல நினைத்தேன். சந்தர்ப்பம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அமுதவள்ளி கதவைத் திறந்து இறங்கினார். நேராகக் குமுதாவிடம் போய் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"ஊரே ஒன்னச் சொல்லிச்சேம்மா. நானும்ல சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு வாங்க, பந்தியில உட்காருங்க, நல்லா சாப்பிடுங்க. எந்தக் காடிப் பக்கமும் போகாதீங்க. வேன்ல யாரு, தட்ட எறக்குங்க!"

நல்ல நேரம் முடிவதற்குள் பரிசம் முடிந்தது.

எல்லாரும் போன பிறகு குமுதா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் புடவை மாற்றவில்லை.

"ஏன்ப்பா?"

பரீட்சை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்பதில் அவள் எப்போதும் என் நல்ல மாணவி.

"சரி. கிஷன்தான் பாஸ் பண்ணிட்டாரே. முதுகுல தட்டிக் குடுத்தீங்களே. அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவ?"

நல்ல கேள்வி. அதற்கான பதிலை நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அந்தக் கடையில அந்த ரெண்டு பேரும் பேசினப்போ," என்றாள், "உங்களுக்குத் தெரியும். நீங்க ரசம் கேட்டீங்க."

ஆம், கேட்டேன்.

அவள் கத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவளுக்கு ராசியில்லை என்று பேசியவர்கள் எல்லாரும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள். அவர்கள் படிக்கிற இடத்தில் நானே எழுத வேண்டும். எழுதினால் கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்துக் கொடுப்பது நான். இல்லாவிட்டால் இராஜம்மாவின் தம்பி.

எனவே எழுதுகிறேன். குமுதாவுக்கு ராசியில் எந்தக் குறையும் இல்லை. நின்றுபோன வண்டிகளை நிறுத்தியது நான். தனேஷிடமும் கணேஷிடமும், மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்ட பெரியப்பாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தேவையில்லாமல் மாற்றப்பட்ட பெட்ரோல் பம்புக்கும் வருந்துகிறேன். மகளைப் பிரிய மனமில்லாமல் செய்தேன் என்று உறவினர்கள் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அது தவறான நோயறிதல். சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸுக்கு எனக்கு ரயில் இருக்கிறது. ஒற்றை இலை போட்டுச் சாப்பிடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தன்று ரவாங்கிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் வருகிறார்கள். மாப்பிள்ளை, தோழன், தட்டுகள் எல்லாம் ரயிலில். அமுதவள்ளியின் ஏற்பாடு. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ரயிலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

சீர்வரிசையாக எங்கள் வீட்டுக் காரைக் குமுதாவுக்குக் கொடுக்கிறோம். அவள் கைக்குப் பழகிய வண்டி. நேற்று அதை நானே முழுமையாகச் சர்வீஸ் செய்தேன். எண்ணெய் மாற்றினேன், பிளக் துடைத்தேன், போனட்டின் கீழே ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுப் பார்த்தேன். வயதான வண்டி என்பதால் சிக்னலில் நிற்கும்போது எப்போதாவது கொஞ்சம் நடுங்கலாம். பயப்பட வேண்டாம். ரவாங்கில் யாரிடமும் காட்டிப் பம்பை மாற்றிவிட வேண்டாம். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை என்றால் வசதி, கிள்ளானுக்கு எடுத்து வந்தால் நானே பார்த்துக்கொள்வேன்.

வீரம்மாவுக்கும் அதையேதான் சொல்கிறேன். முதலில் மூடியைப் பாருங்கள்.

சிவப்பு மூடியைக் கிஷன் எடுத்துப் போனதிலிருந்து தாங்கி ஒரு பக்கம் ஆடுகிறது என்று இராஜம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இன்று காலை சாம்பிராணி போட்டுவிட்டுக் கீழே வைத்தாள். நான் கவனித்தேன். ஆடவில்லை.